நீ கேட்ட ஹாலும் உன் அம்மாவின் அடுப்பும்

அன்பு மகன் சவரிக்கு,

தாளின் தலையில் சிலுவை போட்டு, உன் பெயரையும் எழுதிவிட்டு, அடுத்த வரி வராமல் எட்டு நாளாக இதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். தாலுக்கா ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுதிய கை இது. யாருக்கு என்ன எழுதவேண்டும் என்றாலும் யோசிக்காமல் எழுதிவிடும். உனக்கு எழுதத்தான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அசதிதான். வேலையில் இருந்தவரை தெரியாத அசதியெல்லாம் ரிட்டயர் ஆன இந்த ஏழு மாதத்தில் ஒன்றாக வந்து இறங்கியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. காபி ஆறிப்போகிறது, அதை எடுத்துக் குடிக்கக்கூட கை நீளமாட்டேன் என்கிறது. ஒரு மாதமாகப் பதில் இல்லையே என்று நீ கோபித்துக்கொண்டிருப்பாய். கோபித்துக்கொள். இதைப் படித்து முடித்தபிறகும் கோபம் இருந்தால் அதுவும் நியாயம்தான்.

உன் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்திருந்த இங்கிலீஷ் பத்திரிகைப் படமும் கிடைத்தன. வரப்போகிற வருஷத்தில் வீடு எப்படியிருந்தால் அழகு என்று அதில் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். நாலு சுவரும் ஒரே நிறம் என்பதெல்லாம் பழசாகிவிட்டதாம். மூன்று சுவர் வெளிராகவும் ஒரு சுவர் மட்டும் அழுத்தமாகவும் இருக்கவேண்டுமாம். தரைக்கு மொசைக், சன்னலுக்குப் பித்தளை வளையத்தில் ஓடுகிற திரை, மேலேயிருந்து சங்கிலியில் தொங்குகிற மூங்கில் விளக்கு, மைக்கா ஒட்டிய சாப்பாட்டு மேசை, ஹாலுக்குள்ளேயே தொட்டியில் செடி. உனக்குப் பிடித்ததை எல்லாம் பச்சை மசியால் வட்டம் போட்டு அனுப்பியிருந்தாய். ஈஸ்டர் கழிந்து உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம். அதற்குள் இதையெல்லாம் முடித்துவிடவேண்டும் என்பது உன் ஆசை. ஆசையில் தப்பில்லை. உன் வயதில் எனக்கும் இருந்தது. உனக்காவது படம் பார்த்து வந்த ஆசை. எனக்கு வந்தது வேறு மாதிரி.

உன் கடிதத்தின் கடைசியில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். 'பின்னாடி இருக்கிற கொட்டாயைப் பிரித்துவிடுங்கள், ஹாலில் உட்கார்ந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது, அங்கே குரோட்டன்ஸ் செடி வைக்கலாம், அம்மாவுக்குத்தான் உள்ளே சமையல் ரூம் இருக்கிறதே' என்பது ஒன்று. 'நான் போர்டிங்கில் இருந்தபோது நீங்கள் ஒற்றை ஆளாக நின்று வீட்டையே மாற்றினீர்களே, அந்த மாதிரி இந்தத் தடவையும் நின்று செய்யுங்கள், ஸ்டெல்லாவிடம்கூட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்' என்பது இன்னொன்று. முதலாவதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். இரண்டாவதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்தப் பெருமை எனக்குச் சேரவேண்டியதில்லை, சவரி. நான் வீட்டை மாற்றிய கதையை நீ இதுவரை ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. உன் அம்மா சொல்லமாட்டாள். நான்தான் சொல்லவேண்டும்.

தர்மபுரி தனி மாவட்டமான புதிது அது. அதுவரைக்கும் எதற்கெடுத்தாலும் சேலம் போய்க்கொண்டிருந்த நாங்கள், பைல் கட்டைத் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏற ஆரம்பித்தோம். புது ஆபீஸ், புது அதிகாரிகள். பைலை அதிகாரியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கவேண்டி வரும். அப்படிப் போய்த்தான் நான் முதல் முதலாக ஷோகேஸ் பார்த்தேன், டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளரிப் பிஞ்சு நிறத்தில் சுவர் பார்த்தேன், முகம் தெரிகிற மாதிரி தேய்த்த சிவப்பு சிமெண்ட் தரை பார்த்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தத் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். கையெழுத்து ஆகிற வரைக்கும் நின்றுகொண்டே அறையைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பேன்.

நம் வீடு அப்போது எப்படி இருந்தது என்று உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. மூன்றே அறை. முன்னால் ஹால். அதற்குப் பின்னால் சமையலறை, அதிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. தெருப்பக்கமாக ஹாலை ஒட்டி ஒரு சின்ன தானிய அறை. மேலே நாட்டு ஓடு. சமையலறைப் புகை ஓட்டுச் சந்து வழியாகவும் கொல்லைக் கதவு வழியாகவும் போய்விடும். காற்று மாறி அடித்தால் ஹாலுக்கும் வரும். ஒரு சாயங்காலம், நம் அரூருக்கு முகாம் வந்திருந்த அதிகாரி ஒருவர், அவசரமாக ஒரு தாள் வேண்டும் என்று ஜீப்பை நிறுத்தி நம் வாசலுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்ல நல்ல நாற்காலி இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா ஈர விறகை அடுப்பில் வைத்திருக்கிறாள். புகை மொத்தமும் ஹாலுக்கு வந்து அவர் முகத்தில் அடித்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படி இறங்கினவர், "என்னய்யா, வீடா இது, செங்கல் சூளையா?" என்று சிரித்தார். டிரைவரும் சிரித்தார். எதிர்வீட்டு வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜீப் போனதும் உள்ளே வந்து உன் அம்மாவை அடிக்கப் போனேன். கை ஓங்கியதோடு நின்றேன். அதை இப்போது ஒரு நல்ல காரியமாகச் சொல்லவில்லை.

மறுவாரமே கோவிந்தன் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமே, நம் கோயில் மதில் சுவரைக் கட்டியவர். கயிறு பிடித்து அளந்து பார்த்தார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் ஹால் எவ்வளவு நீளம் வரும் என்று கேட்டேன்.

"இருவத்திரண்டு அடி வருங்க. கல்யாணமே பண்ணலாம். ஆனா அடுப்பு எங்க வெக்கறதுங்க?"

"தானிய ரூமு சும்மாதான கெடக்குது, அங்க வெச்சுக்கலாம்."

மேஸ்திரி அந்த அறைக்குள் போய் மேலே நிமிர்ந்து பார்த்தார். எலி இறங்காமல் இருக்கப் பலகை அடித்து மண் பூசிய மேல்தளம். சன்னல் கிடையாது. இருக்கிற ஒரு கதவும் ஹாலுக்குள்தான் திறக்கும்.

"இதுல காத்தே இல்லிங்களே. தெருப்பக்கமா ஒரு சன்னலு ஒடச்சி, மேல ஒரு புகபோக்கி ஏத்திரலாங்க. ரெண்டு நாளு வேல."

எனக்கு அந்தத் தெருப்பக்கச் சுவரின் மேல்தான் கண். வெள்ளைச் சிமெண்டில் பெரிய சிலுவை, அதைச் சுற்றிச் சூரியக் கதிர், அடியில் வீடு கட்டிய வருஷம் என்று மனசுக்குள் எழுதியே வைத்திருந்தேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியவேண்டும். புகைபோக்கி வைத்தால் ஆறு மாதத்தில் சுவர் கறுத்துவிடும். வேண்டாம் என்றேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு உன் அம்மாவைப் பார்த்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சன்னலு வேணாங்க. கையகலம் ஒரு ஓட்டையாச்சும் வுடச் சொல்லுங்க. உள்ள போனா இப்பவே மூச்சு முட்டுது."

"ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன்.

என் ஆயுசில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். மனு கொடுக்க வெயிலில் நடந்து வந்தவர்களை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் மறந்துபோய்விட்டது. இந்த மூன்று வார்த்தை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

ஹால் முடிந்தது. நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது பார்த்தாயே, அந்த ஹால். சிவப்புத் தரை, ஓரத்தில் கறுப்புக் கோடு, பின்சுவரில் கொல்லைக் கதவு போக மீதி இடம் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ், அதற்குமேல் இயேசுவின் திரு இருதயப் படம், படத்துக்குச் சிவப்பு பல்ப். டியூப்லைட் போட்ட அன்று தெருவே வந்து பார்த்தது. 'வூடுன்னா இது வூடு' என்றார்கள். கோயில் திருவிழாவுக்கு அதே அதிகாரியை மனைவியோடு விருந்துக்கு அழைத்தேன். வந்தார்கள். புகை இல்லை. அதிகாரி தரையைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. உன் அம்மா அந்த அறைக்குள்ளிருந்து தட்டில் காபி எடுத்துக்கொண்டு வந்தாள். கண்கள் ரத்தமாகச் சிவந்து, கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதிகாரியின் மனைவி பதறிப்போய், "ஏம்மா, அழுதிங்களா?" என்று கேட்டார்.

"இல்லிங்க, வெங்காயம் அரிஞ்சேன்" என்றாள் உன் அம்மா, சிரித்துக்கொண்டே.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'நல்ல வேளை, சமாளித்துவிட்டாள்' என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அவளுக்கு இருமல் நிலைத்துவிட்டது. படியேறினால் இரைக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசுவாள். சளி என்றேன், மிளகு ரசம் வைத்துக்குடி என்றேன். அந்த ரசத்தையும் அவள் அந்த அறையில்தான் வைக்கவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் பத்தரை மணிக்கு ஆபீசில் இருக்கிறேன், பக்கத்து வீட்டு முனியம்மா மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தாள். "ஏங்க, அக்கா அடுப்புகிட்ட வுழுந்து கெடக்குறாங்க, வெரசா வாங்க" என்றாள். முனியம்மா உப்பு வாங்க வந்திருக்கிறாள், கூப்பிட்டால் பதில் இல்லை, கதவைத் தள்ளியிருக்கிறாள், உள்ளே ஒரே புகை. காலைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போட்டிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது உன் அம்மா அந்தச் சிவப்புத் தரையில் கிடந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கொள்ளிக்கட்டையில் பட்டு வெந்திருந்தது. அந்த வடுவைப் பார்த்து நீ லீவில் கேட்டாய். கஞ்சி கொட்டிவிட்டது என்று சொன்னோம். கஞ்சி இல்லை, சவரி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "எங்கம்மா சமைக்கிறிங்க? புகை போக வழி இருக்குதா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உன் அம்மாதான் சொன்னாள், "இருக்குதுங்க, நல்லா காத்தோட்டமாத்தான் இருக்குதுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குதிரை வண்டியில் திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்றது? உங்களத் தப்பா நெனப்பாருங்க."

அன்றைக்காவது நான் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவரை உடைத்திருக்கவேண்டும். மனசில் வராமல் இல்லை. ஆனால் சிலுவை போட்டாகிவிட்டது, தெரு முழுக்கப் பார்த்தாகிவிட்டது, இப்போது உடைத்தால் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று நாளைக் கடத்தினேன். கை ஆறியதும் உன் அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், முனியம்மாவும் அவளும் கொல்லையில் நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று போட்டு, மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் வந்து பார்த்தேன். வெந்த கை இன்னும் சரியாக மடங்காது, அந்தக் கையால் கம்பு நட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்கவேண்டும். நிம்மதியாகத்தான் இருந்தது. பிரச்சனை தானாகத் தீர்ந்துவிட்டதே, சுவரும் பிழைத்ததே என்று இருந்தது. நீ பிரித்துவிடச் சொல்லும் கொட்டாய் அதுதான். கீற்றை வருஷா வருஷம் அவளே மாற்றிக்கொண்டாள்.

நீ ஒரு தடவை கேட்டாய், ஏன் அம்மா வெளியே சமைக்கிறாள் என்று. "அவளுக்குக் காத்தாட இருந்தாத்தான் புடிக்கும்" என்று சொன்னேன். நீ நம்பினாய். நம்பாமல் என்ன செய்வாய், அப்பா சொல்கிறேனே. அப்படியே பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. மழை பெய்தால் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சமைத்தாள். ஆடி மாதக் காற்றில் அடுப்பு நிற்காது, தகரத்தை மறைப்பு வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பாள். உள்ளே நாம் டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்போம். கொல்லையிலிருந்து ஹாலுக்குள் நடந்துதான் அவள் சோற்றைக் கொண்டுவரவேண்டும். விருந்தாளிகள் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக வருவாள், பரிமாறிவிட்டு ஓரமாகப் போய்விடுவாள். அந்த ஹாலில் அவள் ஒரு நாளாவது காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதே போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கமாக, 'நல்லா இருக்கானாம், லீவு கெடைக்கலியாம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். இந்தத் தடவை வரி விடாமல் வாசித்தேன். மொசைக் என்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். ஒரு சுவர் மட்டும் வேறு நிறம் என்றதும், "சாயம் பத்தாமப் போச்சான்னு கேக்கப் போறாங்க" என்று சிரித்தாள். கொட்டாயைப் பற்றிய வரி வந்தது. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ள ஆசப்படறான். பிரிச்சிருங்க. நான் உள்ளயே சமைச்சுக்கறேன்."

"உள்ள எப்புடி சமைப்பே?"

"இப்பத்தான் ஸ்டவ்வு இருக்குதே. கதவத் தொறந்து வெச்சுக்கறேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். திரும்ப அந்த அறைக்குள் போவதற்கு அவள் தயாராக இருந்தாள், உனக்காக. எனக்காக முன்பு போனாள். அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "லூர்து, இந்த வூட்ல உனக்கு என்ன வேணும்?"

"எனக்கா?" என்றாள். பிறகு, "எனக்கு என்னாங்க, ஒண்ணும் வேணாம்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் விடவில்லை. மறுநாள் கேட்டேன். "சும்மா இருங்க" என்றாள். அதற்கு மறுநாளும் கேட்டேன். கொட்டாயில் போய் அவள் பக்கத்தில் ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். புகை என் கண்ணிலும் பட்டது. புளி கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பழைய எடத்துலயே அடுப்பு வெச்சுக் குடுங்க. நடுவுல செவுரு வேணாம். நீங்கெல்லாம் உள்ள உக்காந்து பேசிச் சிரிக்கிறிங்க. எனக்கு இங்க சிரிப்புச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. என்ன சொல்லிச் சிரிச்சிங்கன்னு தெரியறதில்ல. சோத்த எடுத்துட்டு உள்ள வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சிருது."

அவள் குழம்பைத் தாளித்து இறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கோவிந்தன் மேஸ்திரியைத் தேடிப் போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். "அன்னிக்கே நான் சொன்னங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். ஆக, சவரி, உன்னைக் கேட்காமலே வேலை முடிந்துவிட்டது. பின்சுவரில் இருந்த ஷோகேஸைக் கழற்றித் தெருப்பக்க அறைக்குள் வைத்தாயிற்று. அந்த அறை மறுபடியும் தானிய அறை. ஹாலின் பின்பாதியில், பழைய இடத்திலேயே, நின்றுகொண்டு சமைக்கிற மாதிரி மேடை. மேலே புகைபோக்கி, கூரைக்கு மேலே நாலடி உயரம். ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். திரு இருதயப் படம் பக்கச் சுவருக்கு மாறியிருக்கிறது. சிவப்புத் தரையில் ஷோகேஸ் இருந்த இடம் மட்டும் புதிதாகத் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் மங்கியிருக்கிறது. தாளிக்கும்போது நெடி ஹாலுக்கு வரும். கொஞ்சம் புகையும் வரும். வாசலில் நின்று பார்த்தால் அடுப்பு தெரியும். பெண் வீட்டார் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

நீ வட்டம் போட்ட மற்றதையெல்லாம் செய்துகொள். ஒரு சுவரை எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அடி. திரை வாங்கிக்கொண்டு வா, மூங்கில் விளக்கைத் தொங்கவிடு, இரும்புக் கொக்கி நான் போட்டு வைத்திருக்கிறேன். மொசைக் போடுவதானால் அம்மா நடக்கிற இடத்தில் வழுக்காததாகப் பார்த்துப் போடவேண்டும்; அவளுக்கு இப்போது கால் உறுதி இல்லை. செடித்தொட்டியை அவள் போகிற வழியில் வைக்காதே. கொட்டாயைப் பிரித்தாயிற்று, அந்த இடம் காலியாக இருக்கிறது, என்ன வைப்பது என்று அவளைக் கேட்டு வை.

அவள் நெஞ்சு சரியாகிவிட்டதா என்று நீ கேட்பாய். இல்லை. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடவை நானே எல்லாவற்றையும் சொன்னேன், அறையைப் பற்றியும், ஓட்டைகூட விடவேண்டாம் என்றதைப் பற்றியும். இப்போதிருக்கிற டாக்டர் சின்ன வயதுக்காரர். எழுதிக்கொண்டே கேட்டார். இனிமேல் அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது திரும்பாது என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். "எதுக்குங்க அதெல்லாம் அவருகிட்ட சொல்லிகிட்டு" என்று உன் அம்மா என்னைக் கடிந்துகொண்டாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

உனக்கு ஒன்று சொல்வேன். பெங்களூரில் நீயும் ஸ்டெல்லாவும் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு ஒரு ஆணி அடிப்பதாக இருந்தாலும் அந்தப் பெண்ணைக் கேள். ஒன்றும் வேண்டாம் என்பாள். புது வீட்டுக்கு வந்த பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதோடு விட்டுவிடாதே. மறுநாள் கேள், அதற்கு மறுநாளும் கேள், அவள் வேலை செய்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேள். நான் கேட்கத் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. கேட்டதைச் செய்து கொடுக்கப் பதினோரு நாள்தான் பிடித்தது. அந்தக் கணக்குதான் என்னை இப்படி உட்கார வைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நம் கோயில் உபதேசியார் வந்தார், புது அடுப்பைப் பார்க்க. கோவிந்தன் மேஸ்திரியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பேச்சு எப்படியோ பழைய பஸ்களைப் பற்றிப் போனது. நான் வழக்கமாகச் சொல்கிற கதையை எடுத்தேன். கல்யாணமான மறுவாரம், நானும் அம்மாவும் சேலத்துக்கு விருந்துக்குப் போனபோது, மஞ்சவாடிக் கணவாய் தாண்டியதும் பஸ் நின்றுபோனது, நான் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளித்தான் வண்டி கிளம்பியது என்ற கதை. உனக்கும் சொல்லியிருப்பேன். தள்ளுகிற இடத்துக்கு வந்துவிட்டேன், இடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எங்கிங்க தள்ளுனிங்க? புது வேட்டி அழுக்காயிரும்னு உள்ளயே உக்காந்திருந்திங்க. நானும் கூட வந்த எங்க சித்தியும் எறங்கித்தான் தள்ளுனோம். கண்டக்டரு எங்கிட்ட வந்து, 'ஏம்மா, மாப்ளைக்கு ஒடம்பு சரியில்லியா'ன்னு கேட்டாரு."

உபதேசியாருக்குப் புரையேறிவிட்டது. மேஸ்திரி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். உன் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்து இருமினாள், இருமல் நின்றதும் மறுபடியும் சிரித்தாள். அவள் சொன்னது உண்மை. சொல்லிச் சொல்லி, நான் தள்ளியதாக நானே நம்பிவிட்டிருந்தேன்.

"இந்தக் கதைய இன்னும் எத்தன பேருகிட்டங்க சொல்லியிருக்கிங்க?" என்று கேட்டாள்.

"எல்லாருகிட்டயுந்தான்" என்றேன்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் வருவாங்க இல்ல," என்றாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "வரட்டும். நானே சொல்றேன்."

அப்பா